குழந்தைகளின் மலச்சிக்கலும் வீட்டுப் பராமரிப்பும்

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அச்செய்தி அடுத்த காம்பராவுக்கும் உடனே எட்டிவிடுகின்றது. இருமல் நீடித்தால் தோட்டத்து மருந்துச்சாலைக்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்கின்றனர். ஆனால், மலங்கழிக்க இயலாமல் ஒரு பிள்ளை கிழமைக்கணக்காகத் துன்புறுவது பெரும்பாலும் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. பிறர்முன் பேசத்தகாத விஷயம் என்ற கூச்சம் இதற்கு ஒரு காரணம். ஒரு கரண்டி விளக்கெண்ணெயால் தீர்ந்துவிடும் சிறு தொல்லை என்ற எண்ணம் மற்றொரு காரணம். இவ்விரண்டும் சேர்ந்து, எளிதிற் குணப்படுத்தத்தக்க ஒரு குறையை ஆண்டுக்கணக்கில் நீளச் செய்துவிடுகின்றன.

இஃது அரிதாகக் காணப்படும் குறையன்று. சமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண என்னும் இரு ஆராய்ச்சியாளர் இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 10 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் மலச்சிக்கலால் துன்புறுகின்றனர் என்பது அதனால் தெரியவந்தது. அந்த ஆராய்ச்சி மற்றோர் உண்மையையும் காட்டியது. நெருங்கிய நண்பரைப் பிரிதல், பரீட்சையில் தோல்வி, வீட்டில் ஒருவருக்குக் கொடிய நோய், தந்தை அல்லது தாய் வேலையிழத்தல், பெற்றோர் அடிக்கடி தண்டித்தல் ஆகியவற்றுக்கு உள்ளான பிள்ளைகளிடம் இக்குறை கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே, மலச்சிக்கல் குடலை மட்டும் சார்ந்த விஷயமன்று. பிள்ளையின் மனத்தையும் வீட்டின் நிலையையும் அது சார்ந்திருக்கின்றது.

முதலில், மலச்சிக்கல் எது, மலச்சிக்கல் அல்லாதது எது என்பதைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். தாய்ப்பால் மட்டும் அருந்தும் கைக்குழந்தை ஒவ்வொரு முறை பால் குடித்தபின்னரும் மலங்கழிக்கலாம். இரண்டாம் மாதத்தின்பின், நாலைந்து நாள்களுக்கு ஒருமுறை, சில வேளை ஒரு கிழமைக்கு ஒருமுறையும் கழிக்கலாம். மலம் இளகியதாக இருந்து, குழந்தை நன்கு பால் குடித்து, எடையும் ஏறி வருமாயின் அது நோயன்று. அவ்வாறே, சில மாதக் குழந்தை முகஞ் சிவக்க முக்கி அழுது, பின்னர் இளகிய மலத்தையே கழிக்குமாயின் அதுவும் மலச்சிக்கலன்று. முக்குவதையும் தளர்த்துவதையும் ஒருங்கே செய்ய அதன் உடல் இன்னும் பழகவில்லை என்பதே அதன் பொருள். வளர வளர அது தானே சீராகிவிடும்.

நாலு வயதளவில் பெரும்பாலான பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒருமுறை மலங்கழிக்கின்றனர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கழித்தாலும், மலம் மென்மையாக இருந்து வலியின்றி வெளிவந்தால் கவலை வேண்டுவதில்லை. கிழமைக்கு இரண்டு முறையோ அதற்குக் குறைவாகவோ கழித்தல், மலம் ஆட்டுப் புழுக்கைபோல் உருண்டையாகவோ மிகத் தடித்துக் கடினமாகவோ வருதல், கழிக்கும்போது வலித்தல், மலத்தை அடக்கிக்கொண்டு நிற்றல், உள்ளாடையில் மலங் கசிதல் ஆகிய குறிகளுள் இரண்டேனும் ஒரு மாத அளவு நீடித்தால் அதனை மலச்சிக்கல் எனக் கொள்ளலாம். எனவே, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கைவிட, மலம் எவ்வாறிருக்கின்றது, பிள்ளை அதனை எவ்வாறு கழிக்கின்றது என்ற கேள்விகளே முக்கியமானவை.

இக்குறை எவ்வாறு தோன்றி வளர்கின்றது என்பதை அறிந்தால், அதனைத் தீர்க்கும் வழியும் தானே விளங்கும். உண்ட உணவின் சத்துக்கள் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டபின் எஞ்சியது நீர்த்த நிலையிற் பெருங்குடலை அடைகின்றது. பெருங்குடல் அதிலுள்ள நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சி, அதனை உருவாக்கி, மலக்குடலுக்கு அனுப்புகின்றது. மலக்குடல் நிறைந்ததும் மலங்கழிக்க வேண்டும் என்ற உணர்ச்சி எழுகின்றது. அப்போது கழித்துவிட்டால் யாதொரு தொல்லையுமில்லை. அடக்கிக்கொண்டால், உள்ளே தங்கிய மலத்திலிருந்து மேலும் நீர் உறிஞ்சப்படுகின்றது. அது காய்ந்து, கடினமாகி, பருமனும் கூடிவிடுகின்றது.

காய்ச்சலுக்குப்பின்னோ, உணவு மாற்றத்தாலோ ஒருநாள் மலம் கடினமாகிவிட்டது எனக் கொள்வோம். அது வெளிவரும்போது ஆசனவாயின் மெல்லிய தோல் கீறிவிடுகின்றது. பிள்ளைக்குத் தாங்கொணா வலி உண்டாகின்றது. அந்த வலியைப் பிள்ளை மறப்பதில்லை. மறுநாள் உணர்ச்சி எழும்போது அது கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, கதவுக்குப் பின்னாலோ கட்டிலோரத்திலோ ஒளிந்து உடலை இறுக்கிக்கொள்கின்றது. பார்க்கும் பெரியவர்கள், பிள்ளை மலங்கழிக்க முக்குகின்றது என்று நினைத்துவிடுகின்றனர். உண்மையில் அது கழிக்க முயலவில்லை. கழியாதபடி தடுக்கவே முயல்கின்றது. தடுத்ததனால் மலம் மேலும் கடினமாகின்றது. கடினமானதனால் வலி கூடுகின்றது. வலி கூடியதனால் அச்சம் பெருகுகின்றது. செக்குமாடுபோல இந்த வட்டத்துக்குள்ளேயே பிள்ளை சுற்றி வருகின்றது.

பல மாதங்கள் இவ்வாறு செல்லுமாயின் மலக்குடல் விரிந்து தளர்ந்துவிடுகின்றது. நிறைந்திருக்கின்றது என்ற உணர்ச்சியே மங்கிவிடுகின்றது. உள்ளே அடைத்து நிற்கும் கட்டி மலத்தைச் சுற்றி, மேலிருந்து வரும் நீர்த்த மலம் பிள்ளையறியாமலே கசிந்து ஆடையில் படிகின்றது. வீட்டில் இதனை வயிற்றுப்போக்கு என்று கருதி, அதை நிறுத்த மருந்து கொடுப்போரும் உண்டு. அது தீயை அணைக்க எண்ணெய் ஊற்றுவதை ஒக்கும். பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைக்கு இக்கசிவினால் உண்டாகும் இழிவு சொல்லுந்தரமன்று. உடன் படிப்போர் மூக்கைப் பொத்துகின்றனர். அருகில் இருக்க மறுக்கின்றனர். வீட்டுக்கு வந்தால், "வளர்ந்த பிள்ளைக்கு வெட்கமில்லையா?" என்ற ஏச்சும், சில வேளை அடியும் கிடைக்கின்றன.

ஆனால் அப்பிள்ளை சோம்பலினாலோ பிடிவாதத்தினாலோ அவ்வாறு செய்யவில்லை. கசிவதை அது உணர்வதேயில்லை. இலங்கைப் பிள்ளைகளிடையே மலக்கசிவைப் பற்றி அதே ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தபோதும், கசிவுள்ள பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்கு மலச்சிக்கலே அடிப்படையாக இருந்தமை தெரியவந்தது. ஆகவே, ஆடையை நனைக்கும் பிள்ளையை அடித்தல், நோயாளியை நோய்க்காகத் தண்டிப்பதாகும். அடி அச்சத்தைக் கூட்டும். அச்சம் அடக்குதலைக் கூட்டும். அடக்குதல் நோயைக் கூட்டும். வீட்டுப் பராமரிப்பின் முதல் விதி, அடியையும் ஏச்சையும் அன்றே நிறுத்துவதுதான்.

இனி, ஊவா மாகாணத்துத் தோட்டங்களின் வாழ்க்கையை நோக்குவோமாயின், மலச்சிக்கலுக்கு இடந்தரும் காரணங்கள் சில அங்கே ஒருங்கே கூடியிருத்தலைக் காணலாம். பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, பண்டாரவளை, அப்புத்தளை எனப் பரந்துள்ள அத்தோட்டங்களில், பொழுது விடியும் முன்னரே வீடு பரபரப்படைகின்றது. தாய் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் ஆயம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏற வேண்டும். காலை உணவு உண்டபின் பிள்ளையை அமைதியாக உட்காரவைத்து மலங்கழிக்கச் செய்வதற்கு அந்த அவசரத்தில் நேரமேது? காலையில் எழுந்த உணர்ச்சியைப் பிள்ளை அடக்கிக்கொள்கின்றது. பாடசாலையிலும் கேட்கக் கூச்சம். அங்குள்ள மலசலகூடத்தைக் கண்டும் அச்சம். மாலைவரை அப்படியே கழிந்துவிடுகின்றது.

மலசலகூடத்தின் நிலையும் ஒரு காரணமாகும். லயத்துக்குப் புறம்பே, பல குடும்பங்களுக்குப் பொதுவாக அமைந்த மலசலகூடங்கள் இன்னும் பல இடங்களில் உள்ளன. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையிலும் மூடுபனியிலும், வழுக்கும் படிகளில் இறங்கி, வெளிச்சமில்லாத ஓர் அறைக்குள் தனியே செல்ல நாலு வயதுப் பிள்ளை அஞ்சுவது இயல்பே. குழியின் வாய் அதன் கண்ணுக்குக் கிணறுபோலத் தோன்றும். அதற்குள் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அது உடலை இறுக்கிக்கொள்கின்றது. இறுகிய உடலிலிருந்து மலம் இலகுவில் வெளிவருவதில்லை.

தண்ணீரின் கதை வேறு. யூலை முதல் செப்டெம்பர் வரை மலைகளைத் தாண்டி வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பேர்பெற்ற மணத்தைக் கொடுக்கின்றது. அதே காலத்திற்றான் ஊற்றுகள் வற்றுகின்றன. பீலியில் நீர் நூலாக ஒழுகுகின்றது. குடிநீரையும் அளந்து செலவிட நேர்கின்றது. பிள்ளைகள் குடிக்கும் நீர் குறைகின்றது. கழுவ நீரில்லாத மலசலகூடத்தை அவர்கள் வெறுக்கவும் செய்கின்றனர். தேயிலைக்கு நல்ல பருவமாகிய அம்மாதங்கள் பிள்ளைகளின் குடலுக்கு நல்ல பருவமல்ல.

உணவையும் சற்றே கவனித்தல் வேண்டும். தோட்டத்தில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தேநீருமே பல வேளைகளில் உணவாக அமைகின்றன. வெள்ளைக் கோதுமை மா 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. தவிட்டோடு அரைத்த கோதுமை மாவிலோ குரக்கன் மாவிலோ அது ஏறத்தாழ 11 கிராம். நார்ச்சத்து என்பது சீரணமாகாது எஞ்சி, நீரைப் பிடித்துவைத்து மலத்தை மென்மையாக்கும் தாவரப் பகுதியாகும். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நார்ச்சத்து வேண்டுமென்பதற்கு எளிய கணக்கொன்று உண்டு. பிள்ளையின் வயதோடு 5ஐக் கூட்டினால் வரும் தொகையே கிராம் அளவு. 4 வயதுப் பிள்ளைக்கு 9 கிராம். 8 வயதுப் பிள்ளைக்கு 13 கிராம். தேநீரோ பிள்ளையின் சிறு வயிற்றை நிரப்பி, பசியை மந்தமாக்கி, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதையும் குறைக்கின்றது. பிள்ளைகளின் தாகத்துக்குத் தேநீரைவிட, கொதித்தாறிய நீரே சிறந்தது.

மலச்சிக்கல் பெரும்பாலும் மூன்று பருவங்களில் முளைவிடுகின்றது. தாய்ப்பாலோடு பிற உணவு தொடங்கும் 6 மாதப் பருவம் ஒன்று. மலசலகூடத்திற் பழக்கும் 2 முதல் 3 வயதுப் பருவம் மற்றொன்று. முதலாம் வகுப்பிற் சேரும் 5 வயதுப் பருவம் மூன்றாவது. இம்மூன்று பருவங்களிலும் பெற்றோர் விழிப்பாயிருந்தால் பெருந்துன்பம் வராமலே காத்துக்கொள்ளலாம். பால்மா கரைத்துக் கொடுக்கும் வீடுகளில், டின்னிற் குறிக்கப்பட்ட அளவுக்கு மேல் மாவைப் போட்டால் சத்துக் கூடும் என்று கருதுகின்றனர். அவ்வாறு தடிப்பாகக் கரைத்த பால் குழந்தையின் மலத்தைக் கட்டிவிடும். குறித்த அளவிற் கரைத்தலே முறை.

இந்நாட்டில் மலச்சிக்கல் என்றவுடன் எல்லோர் நினைவிலும் எழுவது பேதி மருந்து. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. தேரையர் பேராலே வழங்கும் நோயணுகா விதி நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி கொள்ளும்படி கூறுகின்றது. தோட்டங்களிலோ இவ்வழக்கம் வேறொரு வழியாலும் வலுப்பெற்றது. இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே கொக்கிப்புழு பரவி இரத்தசோகையை விளைத்த காலத்தில், அமெரிக்காவின் ராக்பெல்லர் மன்றம் 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதியில் ஒழிப்பு முயற்சியைத் தொடங்கிற்று. அந்நாளைய புழு மருந்தாகிய கெனோபோடியம் எண்ணெய் நஞ்சுத்தன்மை உடையது. ஆகையால் அது உடலிற் தங்காதபடி பேதியுப்பும் உடன் கொடுக்கப்பட்டது. அக்காலத்துக்கு அது வேண்டியிருந்தது. இன்று வழங்கப்படும் மெபெண்டசோல், அல்பெண்டசோல் போன்ற புழு மருந்துகளுக்குப் பேதி தேவையேயில்லை. காரணம் மறைந்தபின்னும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

அம்மாயியும் அப்பாயியும் அன்போடு கொடுக்கும் விளக்கெண்ணெய், குடலைத் தூண்டி முறுக்கி வலியோடு மலத்தை வெளித்தள்ளுவது. கடின மலம் அடைத்திருக்கும் பிள்ளைக்கு இதனைக் கொடுத்தால் வயிறு முறுக்கி வலிக்கின்றது. மலம் கிழித்துக்கொண்டு வருகின்றது. அன்று வயிறு காலியாகலாம்; ஆனால் மலங்கழித்தல் என்றாலே வலி என்ற பாடம் பிள்ளையின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்துவிடுகின்றது. மறுகிழமையே பழைய நிலை திரும்புகின்றது. பேதியுப்போ உடல் நீரைப் பெருக வெளியேற்றிச் சிறு பிள்ளைகளை ஆபத்திற்குள்ளாக்கக்கூடியது. கைக்குழந்தைகளுக்கு இவற்றை ஒருபோதும் கொடுத்தலாகாது.

வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்தல், சவர்க்காரத் துண்டைச் செதுக்கி உட்செலுத்துதல் ஆகிய வழக்கங்களையும் கைவிடுதல் வேண்டும். காம்பு மெல்லிய தோலைக் கீறும். சவர்க்காரம் உட்புறத்தை எரிக்கும். இவற்றால் மலம் வெளிவரினும், அந்த இடத்தை எவரேனும் தொட்டாலே அலறும் அச்சம் பிள்ளைக்கு ஏற்பட்டுவிடும். மலமிளக்கும் என்று கருதி ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுப்பதும் கூடாது. தேனிற் கலந்திருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் அவ்வயதுக் குழந்தையின் குடலில் முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கலாம். பெரியவர்களின் அன்பில் குறையில்லை. அந்த அன்பு செல்ல வேண்டிய வழி மட்டுமே மாறவேண்டும்.

அவ்வழி யாது? மலத்தை மென்மையாக்குதல், நேரத்தை வழக்கமாக்குதல், அச்சத்தை அகற்றுதல் என்னும் மூன்றுமாம்.

மென்மையாக்குதற்கு உணவே முதற்கருவி. இதற்கு விலையுயர்ந்த பொருள்களை நாடவேண்டியதில்லை. லயத்துக் கொல்லையில் வளரும் கொய்யாவின் 100 கிராமில் ஏறத்தாழ 5 கிராம் நார்ச்சத்து உள்ளது. பதுளைப் பகுதியில் நன்கு விளையும் ஆனைக்கொய்யாவில், அதாவது வெண்ணெய்ப்பழத்தில், 6 முதல் 7 கிராம் வரை உண்டு. பப்பாசியில் நார்ச்சத்து குறைவாயினும், மென்மையும் நீரும் மிகுந்திருப்பதால் சிறு குழந்தைகளுக்கு மசித்து ஊட்ட ஏற்றது. வாழைப்பழம் கொடுப்பதாயின் நன்கு கனிந்ததையே கொடுக்கவேண்டும். அரைக்காய் மலத்தைக் கட்டக்கூடும். ரொட்டி மாவில் ஒரு பங்கு குரக்கன் மாவையோ, பொடியாக அரிந்த முருங்கைக்கீரை, வல்லாரை போன்றவற்றையோ சேர்த்துப் பிசையலாம். தேங்காய்ச் சம்பலோடு பருப்போ, அவித்த கடலையோ, கௌபியோ சேரலாம். சிறு பிள்ளைகளுக்குக் கடலையை மசித்தே கொடுக்கவேண்டும். முழுக்கடலை தொண்டையிற் சிக்கும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு விளக்கம் வேண்டும். தேவைக்குக் குறைவாக நீர் அருந்தும் பிள்ளைக்குப் போதிய நீர் கொடுப்பது நன்மை தரும். போதுமான நீர் அருந்தும் பிள்ளையை மேலும் மேலும் குடிக்கச் செய்வதால் மலம் இளகுவதில்லை. சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருக்குமாயின் நீர் போதுமானதென அறியலாம். பாடசாலைக்கு ஒரு போத்தல் கொதித்தாறிய நீரை அனுப்புதல் நல்ல வழக்கம். ஆறு மாதம் நிரம்பாத, தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டியதில்லை.

இரண்டாவது, நேரம். உணவு இரைப்பையை அடைந்தவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கையின் ஏற்பாடு. ஆகவே, உணவு உண்டு கால்மணி முதல் அரைமணி நேரத்துக்குள் பிள்ளையை உட்காரவைத்தால் மலங்கழிதல் எளிதாகும். காலையில் நேரமில்லாத வீடுகளில் மாலை உணவுக்குப்பின் அந்நேரத்தை வைத்துக்கொள்ளலாம். தாய் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, பிள்ளைகளோடு உண்டபின் கிடைக்கும் ஐந்து பத்து நிமிடங்களே போதும். எந்த நேரமாயினும் நாள்தோறும் ஒரே நேரமாயிருத்தல் வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரவைத்தல் கூடாது. கழித்தாலும் கழியாவிட்டாலும் உட்கார்ந்தமைக்காகப் பிள்ளையைப் பாராட்டவேண்டும்.

உட்காரும் முறையும் முக்கியம். குந்தியிருத்தல் மலக்குடலை நேராக்கி வழியைத் திறந்துவிடுகின்றது. உயர்ந்த இருக்கையுள்ள மலசலகூடமாயின், கால்கள் தொங்காதபடி ஒரு பலகையோ இரண்டு செங்கற்களோ பாதங்களுக்குக் கீழே வைக்கவேண்டும். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கவேண்டும். குழியைக் கண்டு அஞ்சும் சிறு பிள்ளையை வற்புறுத்தலாகாது. வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு சட்டியில் இருக்கப் பழக்கலாம். மலத்தை உடனே மலசலகூடத்திற் கொட்டி, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். அச்சம் நீங்கியபின் தாயோ தந்தையோ உடன்சென்று, கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மலசலகூடத்துக்குப் பழக்கலாம்.

மூன்றாவதாகிய அச்சம் நீங்குதல், முன்னிரண்டின் பயனாகவே வரும். பத்து முறை வலியின்றிக் கழித்த பிள்ளை பதினொராம் முறை தானாகவே செல்லும். சுவரிலுள்ள நாட்காட்டியில், வலியின்றிக் கழித்த நாள்களைப் பிள்ளையின் கையாலேயே குறிக்கச் செய்தல் அதற்கு ஊக்கமளிக்கும். மருத்துவருக்கும் அக்குறிப்பு பயன்படும். பிள்ளை மடுவத்து ஆயம்மாவிடமும், வகுப்பாசிரியரிடமும் பெற்றோர் இதனைக் கூசாது சொல்லிவைக்கவேண்டும். கேட்டவுடன் வெளியே அனுப்பும் ஓர் ஆசிரியர், ஒரு போத்தல் மருந்தைவிடக் கூடுதலான நன்மையைச் செய்யக்கூடும்.

ஆயினும் உணவினால் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிட முடியாது. ஆடையிற் கசிவு உள்ள பிள்ளைக்கும், அடிவயிற்றில் கட்டிபோலத் தட்டுப்படும் பிள்ளைக்கும், மலக்குடல் அடைபட்டிருக்கின்றது. அடைப்பை நீக்காது நார்ச்சத்தை மட்டும் கூட்டினால், அடைபட்ட கானில் மேலும் வைக்கோலைத் திணித்தது போலாகும். அத்தகைய பிள்ளையைத் தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ, அரசாங்க வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லவேண்டும். கிளினிக்கில் பிள்ளைகளை நிறுக்கும் மருத்துவ மாதுவிடம் முதலிற் சொன்னாலும் அவர் வழிகாட்டுவார்.

இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் கொடுப்பவை குடலை முறுக்கும் மருந்துகளல்ல. மலத்தில் நீரைப் பிடித்துவைத்து அதனை இளக்கும் மருந்துகளாகும். லக்டுலோஸ் என்னும் பாணியும், பொலிஎதிலீன் கிளைக்கோல் என்னும் தூளும் அவ்வகையைச் சேர்ந்தவை. "மருந்து கொடுத்தால் குடல் அதற்கே பழகிவிடும்" என்ற அச்சத்தால் பலர் நாலு நாளில் நிறுத்திவிடுகின்றனர். இம்மருந்துகள் குடலைச் சோம்பலாக்குவதில்லை. விரிந்து தளர்ந்த மலக்குடல் தன் பழைய அளவுக்குச் சுருங்கி, இழந்த உணர்ச்சியைத் திரும்பப் பெற மாதங்கள் செல்லும். குழந்தைகளின் சீரண உறுப்பு நோய்கள் பற்றிய ஐரோப்பிய, வட அமெரிக்கச் சங்கங்கள் சேர்ந்து 2014இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதனை வற்புறுத்துகின்றது. மருந்து குறைந்தது 2 மாதமேனும் தொடரவேண்டும். எல்லாக் குறிகளும் நீங்கி ஒரு மாதமேனும் ஆனபின்னரே, சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தவேண்டும் என்பது அதன் கூற்று. மருந்தின் அளவையும் காலத்தையும் மருத்துவரே தீர்மானிக்கவேண்டும். அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த மருந்தை வாங்கிக் கொடுத்தல் தகாது.

வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாத நிலைமைகள் சில உள்ளன. பிறந்த குழந்தை முதல் 48 மணித்தியாலங்களுக்குள் கரும்பச்சை நிறமான முதல் மலத்தைக் கழிக்காவிட்டால் உடனே மருத்துவர் பார்க்கவேண்டும். குடலின் கடைப்பகுதியில் நரம்புக் கணுக்கள் அமையாத பிறவிக் குறையொன்று அதற்குக் காரணமாகலாம். கோபன்கேகன் நகர மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886இல் இந்நோயை எடுத்து விளக்கினார். அவர் பேராலேயே இன்றும் அது அழைக்கப்படுகின்றது. அறுவைச் சிகிச்சையால் அதனைச் சீராக்கலாம். பிறந்த சில கிழமைகளுக்குள்ளேயே தொடங்கிய மலச்சிக்கல், வயிறு உப்புதல், பச்சை நிறமான வாந்தி, காய்ச்சலோடு கூடிய வயிற்று வீக்கம், எடை ஏறாமை, கால்களில் வலுவின்மை, மலத்தோடு மிகுதியான இரத்தம் ஆகியவையும் அபாயக் குறிகளே. தைரொயிட் சுரப்பியின் குறைபாடும் சில குழந்தைகளுக்குக் காரணமாயிருக்கலாம். இரத்தப் பரிசோதனையால் அதனை அறியலாம். இத்தகைய குறி கண்டால், பதுளைப் பெரிய வைத்தியசாலைக்கோ, தியத்தலாவை, வெலிமடை முதலிய அண்மை வைத்தியசாலைக்கோ தாமதமின்றிச் செல்லவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய என்னும் இலவச அம்புலன்ஸ் சேவை கிடைக்கும்.

பெற்றோரால் மட்டும் ஆகாதனவும் உண்டு. விளக்கும் தாழ்ப்பாளும் தண்ணீருமுள்ள மலசலகூடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அமைவதும், வறண்ட மாதங்களிலும் பீலியில் நீர் நிற்பதும், பிள்ளை மடுவத்தில் சிறு பிள்ளைகளின் அளவுக்கேற்ற இருக்கை இருப்பதும் தோட்ட நிருவாகத்தாரும் அதிகாரிகளும் செய்து தரவேண்டியவை. பாடசாலை மலசலகூடம் துப்புரவாயிருத்தல், அதிபரும் பெற்றோர் சங்கத்தாரும் கவனிக்கவேண்டியது. இவற்றைக் கேட்டுப் பெறுதல் பிள்ளைகளின் நலத்துக்கான நேரிய கோரிக்கையாகும். இதிற் கூச்சத்துக்கு இடமில்லை.

அவை வரும்வரை வீட்டிற் செய்யத்தக்கதும் சிறிதன்று. இன்று மாலையே தொடங்கலாம். உணவோடு ஒரு துண்டுப் பழமும் ஒரு பிடி கீரையும் சேரட்டும். உண்டபின் பத்து நிமிடம், தாயோ தந்தையோ அம்மாயியோ பக்கத்தில் அமர்ந்திருக்க, பிள்ளை அச்சமின்றி உட்காரட்டும். ஆடை நனைந்திருந்தால் ஏசாது மாற்றிவிடட்டும். இரண்டு கிழமைகள் இவ்வாறு செய்தும் வலியும் கடினமும் நீங்காவிட்டால், மருத்துவரிடம் பிள்ளையை அழைத்துச் செல்லும்போது நாட்காட்டிக் குறிப்பையும் எடுத்துச் செல்லவேண்டும்.